அல்காரிதம் ஆன அல்குவாரிஸ்மி

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வட்டாரத்து முஸ்லிம் இல்லங்களில் துறைமுகத் தொழிலையும் ஆலைத் தொழிலையும் நம்பி வாழ்ந்த தலைமுறைக்குப் பின்னர், கணினிக் கல்வியை நாடும் தலைமுறை வளர்ந்து வருகின்றது. 2018-இல் வெளிவந்த தமிழ்நாட்டுப் பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பாடநூல் சி பிளஸ் பிளஸ் என்னும் கணினி மொழியைக் கற்பிக்கின்றது. அம்மொழியில் நிரல் எழுதப் புகுவோர், வரிசைப்படுத்தல், தேடல், எண்ணுதல் ஆகிய வேலைகளுக்கு ஆயத்தமாயுள்ள வழிமுறைகளை வேண்டும்போது, நிரலின் தலைப்பில் ஒரு கோப்பின் பெயரைக் குறிப்பிடுதல் வேண்டும். அப்பெயர் அல்காரிதம் என்பதாகும். அதனை எழுதும் பிள்ளைகளுள் எத்தனை பேர் அஃது ஒரு மனிதரின் பெயர் என்பதை அறிவர்? ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் பாக்தாத் நகரில் வாழ்ந்த முஸ்லிம் பேரறிஞர் ஒருவரின் ஊர்ப்பெயரே உருமாறி, உலகக் கணினிகள் அனைத்தின் நாவிலும் இன்று ஒலித்துக் கொண்டிருக்கின்றது.

முஹம்மது இப்னு மூஸா அல்குவாரிஸ்மி என்பது அப்பெரியாரின் முழுப் பெயர். ஆரல் கடலுக்குத் தெற்கே, ஆமூ ஆறு பாயும் செழிப்பான நிலப்பகுதி குவாரிஸ்ம் எனப்படும். இன்று உஸ்பெகிஸ்தான், துர்க்மெனிஸ்தான் ஆகிய நாடுகளில் அது பிரிந்து கிடக்கின்றது. அந்நாட்டைச் சேர்ந்தவர் என்பதே அல்குவாரிஸ்மி என்னும் சொல்லின் பொருள். நம்மவர்கள் காயல்பட்டினத்தார், கீழக்கரையார் என்று ஊரைக் கொண்டு ஒருவரைச் சுட்டுவது போன்ற வழக்குத்தான் அது. கி.பி. 780-ஐ ஒட்டி, அதாவது ஹிஜ்ரி 164 வாக்கில், அவர் பிறந்தார் என்பது வரலாற்றாசிரியர்கள் கொள்ளும் கணக்கு.

அவர் வாலிபம் எய்திய காலம் அப்பாஸியக் கலீஃபாக்களின் பொற்காலமாகும். கலீஃபா மஃமூன் அவர்கள் கி.பி. 813 முதல் 833 வரை ஆட்சி புரிந்தார்கள். பைத்துல் ஹிக்மா எனப்படும் அறிவு இல்லத்தில் கிரேக்கம், பாரசீகம், சமஸ்கிருதம் முதலிய மொழிகளின் நூல்கள் அரபியில் பெயர்க்கப்பட்டும் ஆராயப்பட்டும் வந்தன. அவ்வில்லத்தின் நூற்களஞ்சியத்தோடு அல்குவாரிஸ்மி அவர்கள் தொடர்பு கொண்டிருந்தார்கள் என்று, பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் நூற்பட்டியல் தொகுத்த இப்னு நதீம் எழுதி வைத்துள்ளார். அவர் தரும் குறிப்பு மிகச் சிறியது. இத்துணைப் பெரிய அறிஞருக்கு அவ்வளவு சிறிய குறிப்பா என்று நமக்கு வியப்புத் தோன்றுகின்றது. ஆயினும் நூல்கள் பேசுகின்றன. மனிதரைக் காட்டிலும் அவருடைய நூல்களே நமக்கு நன்கு அறிமுகமாகியுள்ளன.

இங்கு நம் நாட்டின் பங்கைச் சொல்லாமல் மேலே செல்வது முறையன்று. கி.பி. 628-இல் இராஜஸ்தானத்துப் பில்லமாலத்தில் பிரம்மகுப்தர் இயற்றிய வானநூலின் மரபு, கலீஃபா மன்சூர் அவர்களின் காலத்தில், 770-களில், இந்தியாவிலிருந்து சென்ற அறிஞர் வாயிலாகப் பாக்தாதை அடைந்தது. அரபியில் அதனைச் சிந்து ஹிந்து என்று வழங்கினர். அம்மரபைத் தழுவி அல்குவாரிஸ்மி வான அட்டவணை ஒன்றை இயற்றினார். இந்திய எண்களைக் கொண்டு கணக்கிடும் முறையை விளக்கித் தனியே ஒரு நூலும் எழுதினார். ஒன்பது குறிகள், இடம் காலியாயிருப்பதை உணர்த்தச் சிறு வட்டம் ஒன்று; இவை போதும், எவ்வளவு பெரிய எண்ணையும் எழுதிவிடலாம் என்று அந்நூல் கற்பித்தது. நம் பழந்தமிழ் எண்முறையில் பத்துக்கும் நூற்றுக்கும் ஆயிரத்துக்கும் தனித்தனிக் குறிகள் இருந்தமையை நினைத்துப் பார்த்தால், அச்சிறு வட்டம் செய்த பேருதவி விளங்கும்.

அந்நூலின் அரபி மூலம் மறைந்து போயிற்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸ்பெயின் வழியாக இலத்தீனில் பெயர்க்கப்பட்ட பிரதிகளே எஞ்சின. அவற்றின் தொடக்கத்தில் ஆசிரியரின் பெயர் இலத்தீன் நாவுக்கு ஏற்றவாறு அல்கோரிஸ்மி என்று வருகின்றது. ஐரோப்பிய மாணாக்கர்கள் நாளடைவில் அதனை ஆசிரியரின் பெயராகக் கருதாது, கணக்கிடும் கலையின் பெயராகவே கொண்டு விட்டனர். மணிச்சட்டத்தில் கணக்கிடுவோர் ஒரு கட்சி, அல்கோரிஸ முறையில் எழுதிக் கணக்கிடுவோர் மறு கட்சி என்று நெடுங்காலம் பிரிந்து நின்றனர். ஸ்பானிய மொழியில் எண்குறியைக் குறிக்கும் குவாரிஸ்மோ என்ற சொல்லும் இம்மரபில் வந்ததே. எண்ணைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் சாயல் பிற்காலத்தில் ஒட்டிக் கொண்டதால் அல்கோரிஸம் அல்கோரிதம் ஆயிற்று. ஓர் ஊரின் பெயர் ஒருவரின் பெயராகி, பின்னர் எண்முறையின் பெயராகி, முடிவில் எந்த வேலையையும் ஐயமின்றிப் படிப்படியாகச் செய்து முடிக்கும் வழிமுறையின் பொதுப் பெயராகவும் ஆகிவிட்டது. தமிழ்ப் பாடநூலில் நெறிமுறை என்கின்றனர். பிள்ளைகளின் பேச்சில் அல்காரிதம்தான் நிற்கின்றது.

பெயர் கிடைத்தது தற்செயல் என்று கொண்டாலும், அப்பெயருக்கு அவரினும் தகுதியுடையார் வேறெவரும் இலர் என்பது நம் கருத்து. அதற்குச் சான்று அவருடைய மற்றொரு நூலில் உள்ளது. அல்ஜப்ரு வல்முகாபலா என்னும் கணக்கைப் பற்றிய சுருக்க நூல் அது. மஃமூன் அவர்களின் ஊக்கத்தால் எழுதிக் கலீஃபாவுக்கே அர்ப்பணித்தார். அல்ஜீப்ரா என்று பள்ளியில் பிள்ளைகள் அஞ்சும் பாடத்தின் பெயர் இந்நூற்பெயரிலிருந்து பிறந்தது. வாரிசுரிமை, மரண சாசனம், பாகப்பிரிவினை, வழக்கு, வாணிபம், நில அளவை, கால்வாய் வெட்டுதல் ஆகியவற்றில் மக்களுக்கு அன்றாடம் வேண்டப்படும் கணக்கை எளிதாக்கித் தருவதே தம் நோக்கம் என்று முன்னுரையில் அவர் தெரிவிக்கின்றார். மேதைகளுக்காக எழுதிய நூலன்று அது. காஜியாரும் வணிகரும் நிலம் அளப்போரும் எடுத்துப் பயன்படுத்துவதற்கு எழுதப்பட்டது.

அவர் செய்த முதல் வேலை பெயரிடுதல். தெரியாத அளவுக்குப் பொருள் என்று பெயரிட்டார். அதனையே வேர் என்றும் அழைத்தார். வேரைத் தன்னாலேயே பெருக்கினால் வருவதற்கு மால், அதாவது செல்வம், என்று பெயர். மற்றது வெறும் எண். இம்மூன்றைக் கொண்டு அமையக்கூடிய சமன்பாடுகள் ஆறே வகை என்று வகுத்தார்: செல்வம் வேருக்குச் சமமாவது, செல்வம் எண்ணுக்குச் சமமாவது, வேர் எண்ணுக்குச் சமமாவது, பின்னர் இரண்டு சேர்ந்து ஒன்றுக்குச் சமமாகும் மூன்று வகைகள். எந்தக் கணக்கானாலும் இந்த ஆறில் ஒன்றாக மாற்றிக் கொள்ள வேண்டும். மாற்றும் செயல்களுக்கும் பெயர் தந்தார். ஒரு பக்கத்தில் குறைக்கப்பட்டு நிற்பதை மறுபக்கத்தில் கூட்டிக் குறையை நிரப்புவது ஜப்ரு. முறிந்த எலும்பைச் சேர்த்துக் கட்டுவதற்கும் அரபியில் அச்சொல்லே வழங்கும். நம்மூர் எலும்புக் கட்டுக்காரர் செய்யும் வேலைதான். இரு பக்கமும் உள்ள ஒரே இனத்தை எதிரெதிரே வைத்துக் கழிப்பது முகாபலா. சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் செயல் மனத்தில் தோன்றுகின்றதல்லவா?

இரண்டு சேர்ந்து ஒன்றுக்குச் சமமாகும் வகைக்கு அவர் தரும் புகழ்பெற்ற எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு செல்வமும் அதன் வேர்கள் பத்தும் சேர்ந்து 39 ஆகின்றன; வேர் எவ்வளவு? வேர்களின் எண்ணிக்கையாகிய பத்தைப் பாதியாக்கு, 5. அதனைத் தன்னால் பெருக்கு, 25. அதனோடு 39-ஐக் கூட்டு, 64. அதன் வேர் 8. அதிலிருந்து முன்னைய பாதியாகிய 5-ஐக் கழி, 3. அதுவே விடை. சரிபார்த்தால் 9-உம் 30-உம் சேர்ந்து 39 ஆகும். நூல் முழுவதும் குறியீடு ஒன்றேனும் இல்லை. எண்களைக் கூட எழுத்தால் எழுதியுள்ளார். இவ்வழி ஏன் சரி என்பதை ஒரு சதுரம் வரைந்து, அதன் பக்கங்களில் பட்டைகளைச் சேர்த்து, மூலையில் குறையும் சதுரத்தை நிரப்பிக் கண்ணுக்கு முன் காட்டுகின்றார். செல்வமும் எண்ணும் சேர்ந்து வேர்களுக்குச் சமமாகும் வகையில் இரண்டு விடைகள் வரக்கூடும் என்றும், பாதியின் வர்க்கம் அவ்வெண்ணைவிடச் சிறியதானால் விடையே இல்லை என்றும் எச்சரிக்கின்றார். விடை இல்லாத இடத்தில் இல்லை என்று சொல்வதும் வழிமுறையின் கடமை என்பதை அவர் அன்றே உணர்ந்திருந்தார்.

நம் முன்னோரும் வழிமுறைகள் வகுத்தவரே. காரி நாயனாரின் கணக்கதிகாரம், பலாப்பழத்தின் காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணிப் பெருக்கி வகுத்து, பழத்தை அறுக்காமலே சுளைக் கணக்குச் சொல்லும். கேட்க இன்பமாயிருக்கும். ஆனால் அது பலாவுக்கு மட்டுமே உரிய வழி, மாம்பழத்துக்கு உதவாது. அல்குவாரிஸ்மி வகுத்த ஆறு வகையோ, திர்ஹமா நிலமா மனிதரா என்று கேட்பதில்லை.

இதன் பயனை உணர வேண்டுமானால் நூலின் இறுதிப் பெரும்பகுதிக்குச் செல்ல வேண்டும். அப்பகுதி முழுவதும் மரண சாசனமும் வாரிசுப் பங்குமே. ஐரோப்பியர் இலத்தீனில் பெயர்த்தபோது இதனைத் தங்களுக்கு வேண்டாதது என்று விட்டுவிட்டனர். நமக்கோ அதுவே உயிர்நாடி. திருமறையின் நிஸா அத்தியாயம் பங்குகளை வகுத்து விட்டது. ஆனால் பங்குகள் பின்னங்களாக இருப்பதால் அவற்றைச் சேர்த்துப் பிரிப்பதற்குக் கணக்கு வேண்டும். ஃபராயிள் கல்வி இதற்காகவே வளர்ந்தது. திருவொற்றியூரில் ஒருவர் மனைவியையும் ஒரு மகனையும் ஒரு மகளையும் விட்டு இறந்தார் எனக் கொள்வோம். அடக்கச் செலவும் கடனும் சாசனமும் போக எஞ்சியதை 24 பங்காக்கினால், மனைவிக்கு எட்டில் ஒன்றாகிய 3. மீதி 21-இல் மகனுக்கு 14, மகளுக்கு 7. எஞ்சியது 24 இலட்சம் என்றால் தாய்க்கு 3 இலட்சமும் மகளுக்கு 7 இலட்சமும் உரியவை. கணக்கு அறிந்தவர் வீட்டில் ஒருவரேயானால், அவர் சொன்னதே பங்கு என்றாகி, பெண்மக்களின் பங்கு வாயளவில் நின்றுவிடுவதுண்டு. படிகள் வெளிப்படையாக இருந்தால் தாயும் மகளும் தாமே சரிபார்த்துக் கொள்ளலாம்.

அல்குவாரிஸ்மியின் கணக்கு ஒன்று இதனினும் நுட்பமானது. ஒருவர் இரண்டு மகன்களை விட்டு இறக்கிறார். மூன்றில் ஒரு பங்கை உறவல்லாத ஒருவருக்குச் சாசனம் செய்துள்ளார். கையிருப்பு 10 திர்ஹம். மகன்களுள் ஒருவன் தந்தைக்குத் தர வேண்டிய கடன் 10 திர்ஹம். கடன்பட்ட மகனிடம் பணமில்லை. அவனது பங்கைக் கடனிலேயே ஈடுசெய்ய வேண்டும். ஆனால் பங்கு எவ்வளவு என்று தெரிந்தால்தானே ஈடுசெய்ய முடியும்? ஈடுசெய்யும் தொகை தெரிந்தால்தானே பங்கு தெரியும்? நாய் தன் வாலைத் துரத்துவது போன்ற இந்தச் சுழலை அவர் ஒரே சொல்லால் அறுக்கின்றார். கடனிலிருந்து ஈடாகும் தொகையைப் பொருள் என்று கொள் என்கிறார். ஆகவே மொத்தச் சொத்து பத்தும் ஒரு பொருளும். சாசனத்துக்கு மூன்றில் ஒன்று போனால், மீதியை இரு மகன்களும் பகிர ஒவ்வொருவருக்கும் மூன்றேகால் அன்று, மூன்றும் மூன்றில் ஒன்றும், பொருளில் மூன்றில் ஒன்றும் கிடைக்கும். அதுவே கடன்பட்டவனின் பங்கு. ஆதலால் அதுவே பொருள். இரு பக்கமும் பொருளில் மூன்றில் ஒன்றைக் கழித்தால், பொருளில் மூன்றில் இரண்டு மூன்றும் மூன்றில் ஒன்றும் ஆகும்; பொருள் 5. கையிருப்புப் பத்தில் சாசனம் பெற்றவர் 5 திர்ஹமும் கடனில்லாத மகன் 5 திர்ஹமும் எடுத்துக் கொள்வர்; மற்றவனின் 5 கடனிலேயே அடங்கும். அண்ணன் தம்பி நீதிமன்றப் படி ஏறாமல் தீர்ந்து விடுகின்ற கணக்கு.

இனி அவர் பெயரைத் தாங்கிய கணினிக் கோப்புக்கு வருவோம். மாஸ்கோவில் 1950-இல் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய அலெக்சாண்டர் ஸ்டெபனோவ் என்னும் அறிஞரும், மெங் லீ என்னும் அம்மையாரும் ஹியூலெட் பேக்கர்டு ஆய்வுக் கூடத்தில் அமைத்த வழிமுறைத் தொகுப்பு 1994-இல் சி பிளஸ் பிளஸ் மொழிக்கு ஏற்கப்பட்டு, 1998-இன் உலகத் தரத்தில் இடம்பெற்றது. அதன் அடிப்படைக் கருத்து அல்குவாரிஸ்மியின் கருத்தோடு நெருங்கிய உறவுடையது: வழிமுறையையும் அது கையாளும் பண்டத்தையும் பிரித்து வைத்தல். பண்டங்களை வைக்கும் அமைப்புக்கு அவர்கள் இட்ட பெயர் கண்டெய்னர். எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுக வாயிலை நோக்கி அணிவகுக்கும் டிரெய்லர் லாரிகளைப் பார்த்துப் பழகிய நமக்கு இப்பெயரை விளக்க வேண்டுவதில்லை. பெட்டிக்குள் அரிசியா இயந்திரமா என்று பளுதூக்கி கேட்பதில்லை; அவ்வாறே வரிசைப்படுத்தும் வழிமுறையும் உள்ளிருப்பது எண்ணா பெயரா என்று கேட்பதில்லை. எது முந்தியது எது பிந்தியது என ஒப்பிடத் தெரிந்தால் போதும்.

பெயரிடுவதில் அவர்களுக்கும் சங்கடங்கள் நேர்ந்தன. சார்ட் என்பது வரிசைப்படுத்தும். ஸ்டேபிள் சார்ட் என்பதும் வரிசைப்படுத்தும். வேறுபாடு யாதெனின், சமமானவற்றின் பழைய முறையைப் பின்னது கலைக்காது. லாரிகளைச் சேருமிடத்தின்படி பிரித்து நிறுத்தும்போது, கொழும்புக்குப் போகும் பெட்டிகளுள் முன்னிரவே வந்து காத்திருந்த லாரி முன்னும், விடியலில் வந்தது பின்னும் நிற்குமானால் அது ஸ்டேபிள். வெறும் சார்ட் அந்த உறுதியைத் தருவதில்லை. காத்திருந்த ஓட்டுநருக்கு அந்த ஒரு சொல்லின் அருமை தெரியும்.

ஃபைண்ட் என்பது தேடும். தேடிய பண்டம் இல்லையேல் வரிசையின் முடிவிடத்தைக் காட்டி இல்லை என்று அறிவிக்கும். நன்று. ஆனால் ரிமூவ் என்பது? அகற்று என்று பொருள்படும் இவ்வழிமுறை எதையும் அகற்றுவதில்லை. இதனை நம்பி எழுதிய புதியவர்கள், அகற்றியது இன்னும் அங்கேயே இருக்கக் கண்டு திகைப்பர். காரணம் இல்லாமல் இல்லை. வழிமுறைக்குக் கொடுக்கப்பட்டவை தொடக்க இடமும் முடிவிடமுமே. கிடங்கைச் சுருக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. ஆகையால் வேண்டியவற்றை முன்னே நகர்த்திவிட்டு, அவை முடியும் இடத்தை மட்டும் சொல்லி ஒதுங்கும். அதன்பின் கிடங்குக்குரிய அழிக்கும் ஆணையைத் தனியே தரவேண்டும். அமைப்பு செம்மையானது, பெயர்தான் பொருந்தவில்லை என்பது நம் எண்ணம். ஜப்ரு, முகாபலா என்று செய்வதையே பெயராக வைத்த பாக்தாத் பெரியாரிடம் இவ்விடத்தில் அவர்கள் பாடம் கேட்டிருக்கலாம்.

அல்குவாரிஸ்மி கணக்கோடு நிற்கவில்லை. பூமியின் உருவம் பற்றிய நூலில் நகரங்கள், மலைகள், கடல்கள் என 2402 இடங்களின் அமைவிடங்களைப் பட்டியலிட்டார். கிரேக்க அறிஞர் தாலமியின் அளவுகள் பலவற்றைத் திருத்தினார். யூதர்களின் நாட்காட்டியை விளக்கி ஒரு நூலும், அஸ்தர்லாப் கருவியைப் பற்றியும் எழுதினார். அவருடைய வான அட்டவணையை 1126-இல் பாத் நகரத்து அடிலார்டும், அல்ஜப்ரு நூலை 1145-இல் செஸ்டர் நகரத்து ராபர்ட்டும் இலத்தீனாக்கினர். விடுபட்ட வாரிசுரிமைப் பகுதியையும் சேர்த்து ஃபிரெடெரிக் ரோஸன் ஆங்கிலத்தில் வெளியிட்டது 1831-இல்தான்.

மஃமூன் அவர்களுக்குப் பின் வந்த கலீஃபாக்களின் காலத்திலும் வாழ்ந்திருந்து, கி.பி. 850 வாக்கில், ஹிஜ்ரி 236-ஐ ஒட்டி, அவர் மறைந்தார். அவர் பிறந்து 1200 ஆண்டுகள் நிறைந்ததையொட்டி 1983-இல் சோவியத் நாடு அவர் உருவம் தாங்கிய அஞ்சல் தலையை வெளியிட்டது. அதற்கு முன்னர் 1979 செப்டம்பரில், அல்காரிதக் கலையில் பெருநூல் இயற்றிய அமெரிக்க அறிஞர் டொனால்டு நூத் அவர்களும் சோவியத் அறிஞர் எர்ஷோவ் அவர்களும் பல நாட்டுக் கணினி அறிஞர்களைக் கூட்டிச் சென்று ஒரு மாநாடு நடத்தினர். அது கூடிய இடம் குவாரிஸ்ம் நிலத்து ஊர்கெஞ்ச் நகரம்.